அரிசி டின்னில் ஒரு ஸ்பானர்

அந்த டூல்ஸ் பெட்டிக்கு முதல் பூட்டு நான்தான்.

கல்யாணமாகிப் பெண்ணாடத்திலிருந்து கடலூருக்கு வந்தபோது எனக்கு இங்கே தெரிந்த ஒரே ஆள் என் கணவர். அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். 2007இல் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஒருநாள் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்குள் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதற்குள், பைப் ரெஞ்சையும் டிரில்லிங் மிஷினையும் எவனோ லவட்டிக்கொண்டு போய்விட்டான்.

"நீ வீட்ல சும்மாதான இருக்க? கூட வந்து பெட்டி மேல உக்காரு" என்றார் மறுநாள்.

அந்தச் 'சும்மா'வுக்கு வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். அன்று புடவையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

ஒரு வருடம் அவர் வேலை செய்கிற இடத்திலெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து "பன்னெண்டு!" என்று கத்தினால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வீட்டில் வாயே திறக்காத மனிதர், வண்டி ஓட்டும்போது அப்படிப் பேசுவார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்கள் கடந்து போகும். சிதம்பரம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வண்டியின் தரையோடு நான்கு போல்ட் போட்டு இறுக்கினார். போல்ட்டின் தலைகள் பெட்டிக்குள்ளே, நட்டுகள் வண்டிக்கு அடியில். ரம்பம் நுழையாதபடி, புதிதாக மாட்டிய பூட்டைச் சுற்றி இரும்புத் தகடு வேறு.

"இனிமே நீ வெயில்ல காய வேணாம்" என்றார். அத்தனை சந்தோஷம் அவருக்கு. நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாளிலிருந்து மாடிப் போர்ஷனில் நானும் மின்விசிறியும். மத்தியானம் இரண்டு மணிக்கு என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்க வீம்பு விடவில்லை. மூன்று மாதம் பார்த்தேன். பிறகு ஒருநாள் அவர் கிளம்புவதற்கு முன்னால், வீட்டிலிருந்த இன்னொரு சாவியால் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பானரைத் திருடினேன். வேலை கெடக் கூடாது என்று, பார்க்க வளைந்து கோணலாக இருந்த பதினேழாம் நம்பரைப் பொறுக்கி எடுத்து அரிசி டின்னின் அடியில் புதைத்தேன். பூட்டை நம்ப முடியாது என்று தெரிந்தால் மறுபடி என்னைக் கூப்பிடுவார் என்பது என் கணக்கு.

சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். "வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"நம்ம வீட்டுக்கு யார் வருவா?" என்றேன். அதில் பொய்யே இல்லை.

அவர் புதுப் பூட்டு வாங்கினார். அதற்கு ஒரே சாவி, அது அவர் அரைஞாண் கயிற்றில். அன்றைக்கு நான் அழுத அழுகை அவருக்குத் தெரியாது.

2012இல் வண்டியை விற்றோம். பெட்டியைக் கழற்ற வேண்டும். அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பானராகப் போட்டுப் பார்த்தார். எதுவும் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. "இந்த நட்டுக்குன்னே பட்டறையில குடுத்து வளைச்ச பதினேழு அது. எந்தப் பாவி எடுத்தானோ" என்று திட்டினார்.

மாடிக்குப் போய் எடுத்து வந்து நீட்டினேன். இடுக்கில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"ஏது இது?"

"நாந்தான் எடுத்தேன். என்னையும் கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு."

வாங்கிக்கொண்டு மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தார். மூன்று நட்டுகள் கீழே விழுந்தன. நான்காவதற்குச் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். ஸ்பானரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களான்னு கேட்டேன்" என்றார். "நீ எங்கயாவது போவணுமான்னு கேக்கவே இல்லியே."