ஜெராக்ஸ் அக்கா கேட்ட திருத்தம்

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா? சரி, ஃபோனை எடுங்க."

நகல் எடுக்க ஃபோன் எதற்கு என்று வந்தவர் விழிப்பதற்குள், மெஷின் மூடியை இடது கையால் அமுக்கிக்கொண்டே வலது கையால் ஜாடை காட்டுவாள் ஜெராக்ஸ் அக்கா. "பயப்படாதீங்க, பிடுங்கிக்க மாட்டேன். நீங்களே அமுக்குங்க. இந்தச் செய்தியைத் திறங்க. கீழே போங்க. இன்னும் கீழே. பல்லு வெளுக்குற விளம்பரம் வருதா? அதையும் தாண்டுங்க. 'திருத்தத்தை ஏற்கிறேன்'னு இருக்கா? அதேதான்."

அமுக்கியவருக்குக் காகிதத்தைத் தட்டி அடுக்கி, கிளிப் மாட்டிக் கொடுப்பாள். "எனக்கெதுக்கு வம்பு" என்று நழுவுகிறவருக்கும் நகல் கிடைக்கும், கொஞ்சம் கோணலாக. மறுபடி எடுக்கச் சொன்னால், "மெஷின் சூடாயிருக்கு, அரைமணி ஆகும்" என்பாள். மெஷின் சூடாக இருக்காது, அக்காதான் சூடாக இருப்பாள்.

ஆள் குள்ளம். விரல் நகமெல்லாம் மெஷினின் டோனர் மைக் கறுப்பு. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவாள். அடுத்தவர் காகிதத்தில் கண்ணை வைப்பதில்லை என்று ஒரு கொள்கை. நகல் வரும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அடையாள அட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதானே?" என்று கேட்காமல் கொடுக்க மாட்டாள். ஒரு தடவை அண்ணன் அட்டை தம்பியிடம் போய்விட்டதாம். அதற்கே அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

அவளுடைய தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். எங்கேயோ ஒரு டிரைவர், உள்ளே நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்திருக்கிறான். நோயாளி போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்தது நிஜம். ஆனால் அந்த டிரைவர் வேறு ஆள், வேறு ஊர். செய்தியை இணையத்தில் ஏற்றிய புண்ணியவான், படம் வேண்டுமே என்று தங்கள் பழைய சேமிப்பில் 'ஆம்புலன்ஸ் டிரைவர்' என்று தேடியிருக்கிறான். முதலில் வந்து நின்றது தம்பியின் முகம். அது அங்கே எப்படி வந்தது? இடுப்பளவு வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியைத் தூக்கிக் கரை சேர்த்தான் என்று இதே செய்தித் தளம்தான் முன்பு அவனைக் கொண்டாடி எழுதியது. கொண்டாட எடுத்த படத்தையே எடுத்துப் பழிக்கு ஒட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வயிறு எரியாதா?

மறுநாளே ஒரு வீட்டு வாசலில், அப்பனைத் தூக்கிவந்த மகன் டிரைவர் சீட்டில் தம்பியைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் வண்டில ஏத்த மாட்டேன்" என்று நின்றுவிட்டான். வேறு வண்டி வரும்வரை அந்தப் பெரியவர் வாசலிலேயே கிடந்தார். கம்பெனி மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டு, "நீ இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்ப்பா. ஜனங்களுக்குத் தெரியலையே. அந்தப் படம் போற வரைக்கும் வீட்ல இரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான்.

அந்தத் தளமோ பெரிய மனசுக்காரத் தளம். 'பிழை கண்டால் சொல்லுங்கள், சேர்ந்தே திருத்துவோம்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒருவர் பிழையைச் சொல்ல வேண்டும். நூறு பேர் 'ஏற்கிறேன்' போட வேண்டும். 'ஏற்கவில்லை' போட்டவர்களைக் கழித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் ஆசிரியர் குழு கண்ணைத் திறக்கும். ஒரு நடிகையின் உயரத்தில் ஓர் அங்குலம் கூடிப்போனதற்கு ஊரே திரண்டு வந்து, காபி ஆறுவதற்குள் திருத்த வைத்தது. தம்பி முகத்துக்கு நாதியில்லை. அக்கா சேர்க்கச் சேர்க்க, முகம் தெரியாத எவனெவனோ 'ஏற்கவில்லை' போட்டுக் கழித்தான். ஒருவன் கீழே எழுதியும் வைத்தான்: 'திருத்தம் கேட்பவர் டிரைவரின் சொந்தக்காரர் போலிருக்கிறது.'

"சொந்தக்காரிதான்டா!" என்று கடையே அதிரக் கத்தினாள் அக்கா. "சொந்தக்காரிக்குத்தானேடா முகம் தெரியும்! உனக்கா தெரியும்?"

அந்தத் தளத்துக்கு ஃபோன் போட்டும் பார்த்தாள். "ஆப்ல போடுங்க மேடம், அதான் முறை" என்றார்கள். ஒரு மனுஷன் முகம் மாறியிருக்கிறது என்று சொல்ல நூறு பேர் ஓட்டுப் போட வேண்டுமாம். படத்தைப் போடும்போது யாரைக் கேட்டுப் போட்டார்களோ!

விடவில்லை அவள். பரீட்சை விண்ணப்பத்துக்கு வந்த பிள்ளைகள், வாடகை ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள், தபால்காரர், எதிர்க்கடை டெய்லர், அவர் மாமியார் வரை பிடித்துப் பிடித்து நூறைத் தொட்டுவிட்டாள். ஃபோனில் தங்க நட்சத்திரம் மின்னியது. 'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. நன்றி, நட்சத்திர வாசகரே!'

செய்தியைத் திறந்து பார்த்தாள். அதே முகம், அதே இடம். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு சொல்: மாதிரிப் படம்.

உடனே கூப்பிட்டாள். ஆசிரியர் குழுவிலிருந்து பேசிய பையனுக்குக் குரலில் தேன் வழிந்தது. "படத்தை எடுத்துட்டா பக்கம் காலியாத் தெரியும்க்கா. அதான் மாதிரின்னு போட்டுட்டோமே?"

"மாதிரிக்கு உன் முகத்தைப் போடேன்டா! உங்கம்மா பாக்கட்டும்!"

லைன் போய்விட்டது. மெஷினுக்குள் பாதி நகல் இருக்க, வரிசையில் ஆள் இருக்க, ஷட்டரை இறக்கினாள். நேரே வீட்டுக்குப் போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனிடம், "எழுந்திரு. சட்டையை மாட்டு" என்றாள்.

"எதுக்குக்கா? விட்டுடு. ஊர் வாயை மூட முடியுமா?"

"ஊர் வாயை யாரு மூடச் சொன்னா? எழுந்திருடா."

பஸ் பிடித்து அந்தச் செய்தி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து, "யாரைப் பார்க்கணும்?" என்றாள்.

"நாங்க யாரையும் பார்க்க வரலம்மா. அவங்கதான் இவனைப் பார்க்கணும்."

எதிரே பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வரிசையாகத் திரைகள், திரைக்கு முன்னால் குனிந்த தலைகள். ஒரு பையன் யதேச்சையாக நிமிர்ந்தான். பார்த்தான். பக்கத்தில் இருந்தவனின் தோளைத் தட்டினான். தம்பி சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அக்கா டோனர் கறுத்த இரண்டு விரலை அவன் தாடைக்கு அடியில் கொடுத்து, முகத்தை நிமிர்த்திக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். விரலை எடுக்கவில்லை.