வினிகரம்மா நடந்து வெளியேறிய ஞாயிறு

வெர்னா கிட்செலுக்கு அறுபத்திரண்டு வயது. வருடத்தில் ஐம்பத்தோரு வாரம் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றின் அடித்தளத்தில், ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளை வெளுத்து மடித்துக்கொண்டிருப்பாள். மிச்சமிருக்கும் ஒரு வாரம், பாலைவனத்து விழாவில் ஊர் பேர் தெரியாதவர்களின் காலைக் கழுவுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அவள் மற்ற ஐம்பத்தோரு வாரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

பிளாக் ராக் பாலை முழுக்கக் களர்மண். பார்க்கக் கோதுமை மாவு போல சாதுவாக இருக்கும். மூன்று நாள் வெறுங்காலோடு திரிந்தால் போதும், குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் கழுவினால் அந்தக் காரம் முறிந்து எரிச்சல் அடங்கும். விழாவில் எதையும் விற்கக் கூடாது, சும்மாதான் கொடுக்க வேண்டும். ஒருவன் காப்பி கொடுப்பான். ஒருத்தி முடி வெட்டிவிடுவாள். இன்னொருவன் மாதக்கணக்கில் மரத்தை இழைத்து முப்பதடித் திமிங்கலம் ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டு, கடைசி நாள் தன் கையாலேயே கொளுத்துவான். வெர்னா நாலு முக்காலியும் நாலு பேசினும் இருபது கேன் வினிகருமாக உட்கார்ந்திருப்பாள். சொந்தப் பேரை யாரும் அங்கே சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு அங்கே பேர் வினிகரம்மா.

பேரோடு சேர்த்துக் கைபேசியையும் விட்டுவிடுவது அவள் வழக்கம். நுழைவாயிலில் அதை அணைத்து, காரின் முன்பக்க டப்பாவில் போட்டுப் பூட்டினால், திரும்பித் தார் ரோட்டில் சக்கரம் ஏறும்வரை தொட மாட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. கூடாரத்துக்குள் ஒளிந்து ஒளிந்து போன் பார்க்கிறவர்களைக் கண்டால், "ஏம்ப்பா, ஆபீசைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள்.

இந்த வருடம் அவள் வந்திருக்கவே கூடாது. ஒரே மகன் ராய்ஸ், நாலு வருடமாக லவ்லாக்குக்கு வெளியே இருக்கும் சிறையில் கிடந்தான். கூட்டாளி டெல்மர் திருடிக்கொண்டு வந்த காரை இவன் ஓட்டினான். போலீஸ் துரத்தியபோது டெல்மர் குதித்து ஓடிவிட்டான், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகராசன் மாட்டிக்கொண்டான். விழா முடிகிற திங்கட்கிழமையன்றுதான் அவனுக்கு விடுதலை. கடிதத்தில் எழுதியிருந்தான்: "காலைல எட்டு மணிக்கு விடுவாங்களாம். நீ மட்டும் வந்துரும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

கணக்குப் போட்டுத்தான் வந்தாள். ஞாயிறு காலை கிளம்பினால் மதியத்துக்குள் வீடு. ராய்ஸின் படுக்கைக்கு விரிப்பு மாற்றி, அவனுக்குப் பிடித்த மாட்டிறைச்சிக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, மறுநாள் விடியற்காலை லவ்லாக்குக்கு வண்டியை விடலாம். கூடாரத்தில் அவளோடு பதினாலு வருடமாக இருக்கும் ஃப்ளாய்டு, ஓய்வு பெற்ற லாரி மெக்கானிக், வந்த முதல் நாளே கேட்டான்:

"இந்த வருஷம் லீவு விட்டுருக்கலாமே, வெர்னா? பையன் வர்ற நேரம்."

"ஏன், நான் இல்லாம உன் காலை யாரு கழுவுவா?"

அப்படிக் கேட்டு மழுப்பிவிட்டாள். உண்மை வேறு. மகன் வந்துவிட்டால் இனி எந்த வருடமும் நிம்மதியாக வர முடியாது என்று அவளுக்குப் பயம். கடைசியாக ஒரு வாரம் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது. பெற்ற மனம் இப்படியும் நினைக்குமா என்றால், நினைக்கும். நாலு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசியவர்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. முதலில் எல்லாரும் கையை விரித்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. அந்த மண் நனைந்தால் சேறாகாது, பசையாகும். ஒரு அடி வைத்தால் செருப்போடு ஒரு கிலோ மண் வரும், அடுத்த அடியில் இரண்டு கிலோ. சைக்கிள் சக்கரம் சுற்ற மறுத்தது. வாயிலை அடைத்துவிட்டார்கள், ஒரு வண்டியும் நகரக் கூடாது என்று விழா வானொலியில் சொன்னார்கள். மீறிக் கிளம்பியவர்களின் வண்டிகள் அச்சு வரை புதைந்து, ஆங்காங்கே கோணலாக நின்றன. திமிங்கலம் நனைந்து, வால் பக்கம் சாய்ந்துகிடந்தது. கழிப்பறை லாரிகள் உள்ளே வர முடியாததால் அந்தப் பக்கம் காற்று வீசும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை வானொலியில் அந்தச் செய்தி வந்தது. நடந்து போகிறவர்கள் போகலாம், தடையில்லை. தார் ரோடு ஐந்து மைல்.

ஃப்ளாய்டு வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "கேட்டியா? உன் காரை நான் பின்னால கொண்டுவந்து சேக்குறேன். நீ நடந்துரு."

"நாளைக்குக் காஞ்சுரும். ஞாயித்துக்கிழமைதானே கிளம்பணும்?"

"காயலன்னா?"

"அப்ப நாளைக்கு நடப்பேன். இப்ப என்ன, தலையா போகுது?"

"போனையாவது ஒரு தடவை போட்டுப் பாரேன். ஏதாவது சேதி வந்திருக்கும்."

"பதினெட்டு வருஷமாப் போடாதவ இன்னைக்குப் போடணுமா? திங்கக்கிழமை எட்டு மணின்னு அவனே கைப்பட எழுதியிருக்கான். உனக்கு என்ன அவ்வளவு அவசரம்? சிக்னலும் இங்க ஒழுங்காக் கிடைக்காது."

ஃப்ளாய்டு கையை விரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

அதற்குள் வாசலில் வரிசை கட்டிவிட்டது. விழாவுக்குப் புதிதாக வந்தவர்கள், செருப்பில் மண் அப்புகிறதே என்று செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நடந்திருந்தார்கள். அந்த மண்ணில் செய்யக் கூடாத முட்டாள்தனம் அதுதான். உலர்ந்த மண் மூன்று நாளில் செய்வதை ஈர மண் அரை நாளில் செய்துவிடும். சிவந்து, தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெந்துபோய் வந்தார்கள். சியாட்டிலிலிருந்து வந்த வக்கீல் ஒருவன், ஆறடி ஆள், முக்காலியில் உட்கார்ந்து குழந்தை போல அழுதான்.

"வினிகரம்மா, நீங்க மட்டும் இல்லைன்னா செத்திருப்பேன்."

"சாக மாட்ட. வெறுங்காலோட நடக்கச் சொல்லி உனக்கு எந்த மேதாவி சொன்னான்? விரலை விரி. ம், இன்னும் விரி."

சனிக்கிழமை முழுக்க அவள் நிமிரவில்லை. இருநூறு பேருக்கு மேல் இருக்கும். தண்ணீர் குறைந்ததும் கூடாரத் துணியில் தேங்கிய மழைநீரைப் பிடித்துக் கலந்தாள். முதுகு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது அவளைக் கட்டிக்கொண்டு போனார்கள். விடுதியின் அடித்தளத்தில் இருபத்தாறு வருடத்தில் ஒருத்தர்கூட அவளைக் கட்டிக்கொண்டது கிடையாது. சிறையின் பார்வையாளர் அறையிலும் தொடக் கூடாது என்று சட்டம். சனிக்கிழமை அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஞாயிறு காலையில் மறுபடி மழை. வானொலி அதே பாட்டைப் பாடியது, வண்டி நகரக் கூடாது. வெர்னா செருப்புக்கு மேல் ரொட்டி உறையை மாட்டி, அதற்கு மேல் ஃப்ளாய்டின் பழைய காலுறையை இழுத்துக் கட்டினாள். மண் ஒட்டாமல் நடக்க அதுதான் வழி. கைபேசியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள், அணைத்தபடியே.

"அதை இப்பவாவது போடு," என்றான் ஃப்ளாய்டு.

"ரோட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன். நீ என் பேசினை எல்லாம் பத்திரமா எடுத்து வை."

ஐந்து மைலுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. முதல் மைலிலேயே இடது முழங்கால் மக்கர் செய்தது. இரண்டாவது மைலில் ரொட்டி உறை கிழிந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு, அதில் எறும்பு போல ஆட்கள், தலையில் மூட்டை. நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் பார்த்தாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்ததால் உட்காரவில்லை. ராய்ஸிடம் முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

தார் ரோட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. ஓட்டிவந்தவள் நெட்டி, பிரமிட் ஏரிக்கரைப் பையூட் பழங்குடிப் பெண்மணி. விழாவுக்குப் போகிறவர்களுக்கு வருடா வருடம் ரோட்டோரத்தில் பொரித்த ரொட்டி போடுகிறவள்.

"ஏறுக்கா. காலை வெளிய உதறிட்டு ஏறு. உதறினாலும் போகாது, சும்மா ஒரு மரியாதைக்கு," என்று சிரித்தாள். "எங்க போணும்?"

"ஸ்பார்க்ஸ், வீட்டுக்கு. நாளைக்குக் காலைல லவ்லாக் போணும். பையன் வெளிய வர்றான்."

நெட்டி எங்கிருந்து என்று கேட்கவில்லை. லவ்லாக்கில் வேறு எங்கிருந்து வருவார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். "நாளைக்கா? நாளைக்கு செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினமாச்சே. லீவுல வர்ற தேதின்னா முன்னாடி வெள்ளிக்கிழமையே விட்டுருவாங்களே. என் தங்கச்சி மகனை அப்படித்தான் விட்டாங்க."

சிக்னல் கிடைக்கும் முதல் ஊரான கெர்லாக்கின் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் வெர்னா சட்டைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள். அது உயிர் பெற ஒரு யுகம் ஆனது. ஏழு குரல் செய்திகள்.

முதலாவது வியாழக்கிழமை. சிறை அலுவலகத்துப் பெண்: விடுமுறை காரணமாகத் தேதி மாற்றம், நாளை காலை எட்டு மணி. அடுத்தது வெள்ளிக்கிழமை, ராய்ஸ்: "அம்மா, விட்டுட்டாங்க. வாசல்ல இருக்கேன். இங்க ஒரு அக்காகிட்ட போன் வாங்கிப் பேசுறேன்." மதியம், வேறு யாருடையதோ போன்: "இன்னும் இங்கதான் இருக்கேம்மா." சாயங்காலம், லவ்லாக் லாரி நிறுத்தத்திலிருந்து: "மழையாமே. ஒண்ணும் அவசரமில்லை, பத்திரமா இரு." சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரர் போன்: "வீட்டுக்கு வந்துட்டேன். பூட்டியிருக்கு. சாவி எங்க வச்சிருக்க?" மதியம் மறுபடி அதே போன், பேச்சில்லை, மூச்சு மட்டும். கடைசியாகச் சனிக்கிழமை சாயங்காலம், புது எண்ணிலிருந்து: "அம்மா, எனக்கு மனப்பாடமா ரெண்டு நம்பர்தான் தெரியும். ஒண்ணு உன்னுது. அது எடுக்க மாட்டேங்குது. டெல்மரைக் கூப்பிட்டேன். வந்துட்டான்."

அந்தக் கடைசி எண்ணை அழுத்தினாள்.

"அம்மா?"

"ராய்ஸு. எங்கடா இருக்க?"

"சன் வேலியில. டெல்மர் வீட்ல." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "நல்லாருக்கியா நீ? நடந்தா வந்த?"

"ஆமா. இப்பத்தான் ரோட்டுக்கு வந்தேன். வந்துக்கிட்டே இருக்கேன்டா."

"நேத்து நெறையப் பேர் நடந்து வந்தாங்களே. பக்கத்து வீட்டு டிவில காட்டினாங்க. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டே இருந்தேன்."

முழங்கால் வலியைச் சாக்கு வைத்து ஒரு பொய் தயாராக இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நேத்தே நடந்திருக்கலாம்டா. நான்தான் நடக்கல. அங்க எல்லாரும் நான் வேணும்னாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஒரு வண்டி உறுமும் சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றான். கோபமில்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "டெல்மர் கூப்பிடுறான். வெளிய வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டான். நான் வச்சுடறேன்."

"யாரு வண்டிடா அது? ராய்ஸு, யாரு வண்டி? ஏறாதடா. ரெண்டே மணி நேரம், நான் வந்துடறேன்."

போன் வைக்கப்பட்டிருந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்ரோல் போட்டுவிட்டு வந்த நெட்டி, அவள் முகத்தைப் பார்த்ததும் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

"ஸ்பார்க்ஸ்தானே அக்கா?"

"இல்லை, சன் வேலி," என்றாள் வெர்னா, போனைக் காதிலிருந்து எடுக்காமல். "கொஞ்சம் வேகமாப் போம்மா."