நடுப்பகல் எறும்புகள்

என் அக்காவுக்கு எறும்பு எண்ணுவதுதான் உத்தியோகம். சொன்னால் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். தெருவில் அவளுக்கு எறும்பக்கா என்றே பெயர். ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு புற்றின் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கு ஒரு தரம், பத்து நிமிடத்தில் எத்தனை எறும்பு இரை தேடிப் போகிறது என்று எண்ண வேண்டும். வெயில் எத்தனை டிகிரி, காற்று உண்டா, மேகம் உண்டா என்றும் எழுத வேண்டும்.

மழைக்கு முன் அவை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். தூறல் விழுந்தால் ஒன்றும் தலைகாட்டாது. குளிர்ந்த காலைகளில் தாமதமாகத்தான் கிளம்பும். சோம்பேறிகள் என்று அக்கா செல்லமாகத் திட்டுவாள். பார்த்துப் பார்த்து அவளுக்கு உலகமே அந்த ஒரு முழப் பாதைக்குள் அடங்கிப்போயிற்று. சில பிற்பகல்களில் எறும்புகள் நகர்கின்றனவா, தான் நகர்கிறோமா என்றே தெரியாதாம். வீட்டில் பேசும்போதும் கண் எங்கோ ஊர்ந்துகொண்டிருக்கும்.

அந்த வகை எறும்பு உச்சி வெயிலில் பதுங்கிவிடும் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. அக்காவின் நோட்டில் மட்டும் அவை நடுப்பகலிலும் போய்க்கொண்டிருந்தன. ஆராய்ச்சியை நடத்தும் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று மாதக் குறிப்பை வைத்துக் கட்டுரையே எழுதிவிட்டார். அக்காவின் வேலை நிரந்தரமாகும் என்றும் பேச்சு வந்தது.

ஒரு நாள் உச்சிப் பொழுதில், அவள் வெயிலுக்குப் பிடித்திருந்த குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. ஓடிப் பிடித்துத் திரும்புவதற்குள் பாதை காலி. குடையை விரித்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒன்று, இரண்டு, பிறகு பழைய வரிசை. இத்தனை நாளும் எறும்புகள் வெயிலில் போகவில்லை, தன் குடைநிழலில்தான் போயிருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

வாயை மூடிக்கொண்டு இரு, உன் சோற்றில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே என்றேன். எனக்குக் கோபம்தான்.

"நாளைக்கு வேற யாராவது வந்து உக்காந்து, எறும்பைக் காணோமேன்னு தேடுவாங்கடி" என்றாள்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா நோட்டை வாங்கி, நடுப்பகல் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். அக்காவால் அழுகையை அடக்க முடியவில்லை. கடைசி வரியை அடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இனிமே வெயில்லதான் உக்காரணும். உங்களால முடியுமா?"

முடியும் என்றாளாம். நிரந்தரப் பேச்சு அதோடு நின்றது.

அன்று முகம் வெந்துபோய் வீடு திரும்பினாள். நடுப்பகலில் எத்தனை எறும்பு என்று குத்தலாகக் கேட்டேன். என்னவோ பரிசு வாங்கி வந்தவளைப் போல, "ஒண்ணுகூட வரலடி" என்றாள்.