கண்ணாடிப் பம்பை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பிற்பகல் இரண்டரை மணிக்குக் கிளம்பினேன். பதினைந்து கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. கச்சிராயபாளையத்தில் வண்டியை ஓரங்கட்டினார்கள். "மலைப்பாதையில மரம் வுழுந்து கெடக்குதுங்க. எடுத்தாதான் வண்டி போவும்," என்றார் நடத்துநர். ஆடி மாதத் தூறல் வேறு. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஒலிபெருக்கிச் சத்தம் வந்த திசையில் கோமுகி ஆற்றங்கரைக்கு நடந்தேன். வேடிக்கை பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கரையில் மாரியம்மனுக்குக் கரகம் ஜோடித்து வைத்திருந்தார்கள். தூக்கப்போகிறவர் சுமதி, முப்பது வயதிருக்கும். காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்து எழுந்ததற்கு நேர்த்திக்கடன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆனால் பம்பை அடித்து அழைத்து, சாமி அவர்மேல் இறங்கிய பிறகுதான் கரகத்தைத் தூக்கலாம். பொழுது சாய்ந்துவிட்டால் அடுத்த ஆடிதான்.

பம்பை என்பது இடுப்பில் கட்டி அடிக்கும் இரட்டை மேளம். அன்றைக்கென்று பார்த்து அது நனைந்திருந்தது. பம்பைக்காரர் குமார் தீ மூட்டித் தோலைக் காய்ச்சப் பார்த்தார். தூறல் தீயை நிற்கவிடவில்லை. "சட்டியில தட்டுனாப்ல கேக்குது," என்று நொந்துகொண்டவர், பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார்.

"இதுல இருக்கறது என் பம்பைதாங்க. பங்குனி வெயில்ல ஒவ்வொரு அடியா அடிச்சி ஆப்புல ஏத்தி வெச்சிருக்கன். தெரையில இருக்கற கட்டத்துல வெரல வெச்சா அந்த அடி கேக்கும்."

பூசாரிக்குச் சுருக்கென்றது. "இன்னாடா கூத்து இது! செல்லுக்கெல்லாம் சாமி வருமா?"

சுமதிதான் முடிவு சொன்னார்: "வாசிண்ணா. தோலா கண்ணாடியான்னு என் காது பாத்துகினு இருக்காது."

மைக்செட்டோடு இணைத்ததும் முதலில் வந்தது விளம்பரம். "முடி கொட்டுகிறதா?" என்று ஒரு குரல் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. சாமியாடக் கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுமதி சிரிக்கவில்லை, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

குமார் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தட்டினார். சத்தம் அச்சு அசல் பம்பை. சாமி வரவில்லை. மேற்கே மலை மங்கத் தொடங்கியது. சட்டென்று எழுந்தவர், பம்பை தொங்க வேண்டிய இடத்தில் டேப்லெட்டைத் துண்டால் கட்டிக்கொண்டார். "குடைய புடிங்க சார். ஈரம் பட்டா இது தாறுமாறா அடிக்கும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆடிக்கொண்டே வாசித்தார். குடையோடு நானும் ஆடவேண்டியதாயிற்று.

சுமதியின் தோள் குலுங்கியது. கூந்தல் சுழன்றது.

"யாருடா என்னக் கண்ணாடியில கூப்ட்டது?"

குமார் கையெடுத்துக் கும்பிட்டார். "நான்தான் தாயே, உன் பம்பைக்காரன். தோலு நனஞ்சி போச்சி."

அழைத்த பம்பைக்குச் சாமி குங்குமம் வைப்பது அங்கே வழக்கமாம். சுமதி தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து, டேப்லெட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். விரல் பட்டது ஒரு கட்டத்தின்மேல். ‘திம்’ என்று ஓர் அடி ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. ‘ஓம் சக்தி பராசக்தி’ என்று கூட்டம் முழங்க, கரகம் சுமதியின் தலைக்கு ஏறியது.

மரத்தை அகற்றியிருந்தார்கள், மலைக்குப் போகும் வண்டியில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் சாமிக்கு எத்தனையோ பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். சாமியே வாசித்து அன்றுதான் கேட்டேன்.