கை தூக்கினால் கொடி சுற்றும்

மருமகள் சோபனா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, பெரியம்மாள் வீட்டில் உயரத்தில் இருந்த பொருளையெல்லாம் கீழே இறக்கிவிட்டாள். பரண்மேல் இருந்த அண்டா, மேல்தட்டு மிளகாய்த்தூள் டப்பா, ஆணியில் தொங்கிய சல்லடை, எதையும் விடவில்லை. துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக்கூட அவிழ்த்து இடுப்பு உயரத்துக்குக் கட்டினாள். ஈரப் புடவை மண்ணில் புரண்டது. மகன் மாதவராஜ் சிரித்தான்.

"ஏம்மா, ஆடு கட்டற கயிறாட்டம் இருக்குது. நான் தாண்டித் தாண்டியா போறது?"

"தாண்டிப் போடா. உம் பொண்டாட்டி கையைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்."

வயிற்றுப்பிள்ளைக்காரி தலைக்குமேல் கையைத் தூக்கினால், தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும். காரிமங்கலம் பக்கத்தில் இதைச் சொல்லாத பெண்கள் குறைவு. மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. பெரியம்மாளுக்கோ முப்பத்திரண்டு வருடமாக நெஞ்சுக்குள் எரியும் தீ.

அவளுடைய தலைச்சன் பிள்ளை மூச்சில்லாமல்தான் பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. அதற்கு முந்தின வாரம், நிறைமாத வயிற்றோடு தொரட்டிக் கழியைத் தூக்கிப் பிடித்துப் புளி உலுக்கியிருந்தாள். "கையைத் தூக்கித் தூக்கியே புள்ளைய முடிச்சுட்டாளே!" என்று மாமியார் வாசலில் நின்று கதறினாள். ஊரே கேட்டது.

பிறகு மாதவராஜ் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போவதற்குள் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஒற்றை ஆளாக மல்பெரி வைத்து, பட்டுப்புழு வளர்த்து, மகனைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தாள். ஆனால் அந்தத் தலைச்சனைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவே இல்லை. மகனிடம்கூடச் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றவள் எதைச் சொல்லி அழுவாள்?

சோபனாவுக்கு ஏழு மாதம். செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை. எப்போதும் மாதவராஜ்தான் கூட்டிப்போவான். அன்று பட்டுக்கூட்டைத் தர்மபுரி மார்க்கெட்டுக்கு எடுத்துப்போக வேண்டியிருந்ததால், பெரியம்மாள் புறப்பட்டாள்.

"நீங்க வர வேணாங்கத்தே. நானே போயிட்டு வந்துர்றேன்" என்று சோபனா மூன்று தடவை சொன்னாள்.

தன் முட்டிவலிக்காகத்தான் மருமகள் தடுக்கிறாள் என்று நினைத்துப் பெரியம்மாள் உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். "இங்கயே உக்காருங்கத்தே, அரைமணி நேரத்துல வந்துர்றேன்" என்று சோபனா பின்பக்கம் போனாள். பெரியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்தில் தேடிக்கொண்டு எழுந்தாள்.

பின்பக்கம் பாய் விரித்த ஒரு ஹால். ஐந்தாறு கர்ப்பிணிகள். முதல் நாற்காலியில் சோபனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டிருந்தாள்.

 பெரியம்மாள் செருப்புக்காலோடு பாய்களை மிதித்துக்கொண்டு பாய்ந்தாள்.

"எறக்குடி! கையை எறக்குடி, பாவி!"

மருமகளை அதுவரை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. சோபனாவின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, யோகாதானுங்க பண்றோம், கொள்ளையா அடிக்கறோம்?" என்றாள் பக்கத்து நாற்காலி மணிமேகலை. ஹாலே சிரித்தது. சோபனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு மாசமா பண்றேங்கத்தே. முதுகுவலி இதுலதான் அடங்குச்சு. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு நான்தான் மறைச்சேன். என்னைத் திட்டுங்க."

"மூணு மாசமாவா!" பெரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யோகா டாக்டர் மலர்விழி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"தண்ணி வேணாங்க டாக்டரம்மா. மொதல்ல புள்ள உசுரோட இருக்குதான்னு பாருங்க!"

மலர்விழி கோபப்படவில்லை. நர்ஸிடம் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் சோபனாவின் வயிற்றில் வைத்தார். கொஞ்சம் இரைச்சல், பிறகு வேகவேகமாக ஒரு துடிப்பு. பெரியம்மாள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"கேக்குதுங்களா? உங்க பேரப்புள்ள நல்லா இருக்குது. இவங்க உடம்புக்கு ஒத்துக்கறதை மட்டும்தான் சொல்லிக்கொடுக்கறேன். வலிச்சா உடனே நிறுத்தச் சொல்லியிருக்கேன். கையைத் தூக்கறதால கொடி சுத்தாதுங்கம்மா."

"எம் புள்ளைக்குச் சுத்துச்சே!"

முப்பத்திரண்டு வருடம் அடக்கிவைத்தது, அத்தனை பேர் முன்னால் வெடித்து விழுந்தது.  புளி உலுக்கியதையும், மாமியார் கதறியதையும் பெரியம்மாள் விம்மி விம்மிச் சொல்லி முடித்தாள்.

மலர்விழி அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"உள்ள புள்ள புரளுது இல்லீங்களா, அப்ப கொடி தானா சுத்திக்குங்கம்மா. நூறு புள்ளையில இருபது புள்ளைக்காவது சுத்தியிருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே நல்லபடியாத்தான் பொறக்குது. அம்மா கையைத் தூக்கினாலும் தூக்காட்டியும் அது அப்படித்தான்."

"அப்ப எம் புள்ள எதனால போச்சு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க கை அதைச் செய்யல."

"நான் பண்ணலையா?"

"நீங்க பண்ணலைங்கம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

பெரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழந்தை பிறந்த அன்றே அழுதிருக்க வேண்டிய அழுகை அது. மணிமேகலை எழுந்துவந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மாமியாரும் மருமகளும் வேப்பமர நிழலில் நின்றார்கள்.  சோபனா மெதுவாகக் கேட்டாள்:

"அத்தே, அது பையனுங்களா, பொண்ணுங்களா?"

பெரியம்மாள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் யாருமே அதைக் கேட்டதில்லை. எப்படிப் போச்சு என்று கேட்டார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். என்ன குழந்தை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"பொண்ணு" என்றாள்.  "தலை நெறைய முடிம்மா. சின்ன உதடு. உம் புருசனோட மூக்குதான் அதுக்கும்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலீங்களாம்மா?" என்றார்.

சோபனா மாமியாரின் கையை விடவில்லை.

"நீங்க போங்கண்ணா. நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றாள். பிறகு பெரியம்மாள் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கத்தே. நெறம் எப்படி இருந்துச்சு?"