வெள்ளிக்கிழமை வெளியே போகாத தரைவாடகை

கொழிஞ்சாம்பாறையில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. அதன் கீழே இருக்கும் மண் மட்டும் எனக்குச் சொந்தமில்லை. கடைவீதிக்குப் பின்னால் ஒரு தர்ம ட்ரஸ்டின் இடத்தைத் தொண்ணூற்றொன்பது வருடப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துக் கட்டிய அடுக்குமாடி அது. நான் குடியிருப்பது மூன்றாவது மாடியில். அந்த மண்ணை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் வருடம் தவறாமல் அதற்குத் தரைவாடகை கட்டியாக வேண்டும்.

போன வருடம் கட்ட வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பணத்தோடு கிளம்பினேன். வாசலில் என் மனைவி நின்றாள்.

“ஏனுங்க, வெள்ளிக்கிழமை அதுவுமா காசைத் தூக்கிட்டு எங்க போறீங்க? நாளைக்குக் குடுத்தா வேண்டாம்பாங்களா?”

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். போனில் அனுப்பினாலும் போனது போனதுதான் என்பது என் மனைவியின் கட்சி.

சனிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ட்ரஸ்டின் காரியஸ்தர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, தாமதக் கட்டணம் தனி என்றார். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாதத்துக்கான அபராதமாம். அதைக் கட்டாமல் திரும்பிவிட்டேன். பாக்கி வைத்தவர்களின் வீட்டு எண்ணை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் போர்டில், பாக்கிக்கு மலையாளத்தில் சொல்லும் ‘குடிசிகை’ என்ற தலைப்புப் போட்டுச் சிவப்பில் எழுதுவது அவர்கள் வழக்கம். சாயங்காலத்துக்குள் எங்கள் எண் ஏறிவிட்டது.

பணம்கூடப் பெரிதில்லை. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து எங்கள் பெண்ணைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். பெண்ணும் பையனும் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் வந்து தலையாட்ட வேண்டியதுதான் மிச்சம். அந்தப் போர்டைத் தாண்டாமல் யாரும் மாடி ஏற முடியாது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அதைக் கோபமாக்கிக்கொண்டு திங்கட்கிழமை ட்ரஸ்ட் ஆபீசுக்குப் போனேன்.

“வெள்ளிக்கிழமை நீங்களே யாருக்காச்சும் காசு குடுப்பீங்களா?” என்று கேட்டேன்.

“குடுக்கறதுதானுங்க தப்பு. வாங்கறதுக்கு லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றார் காரியஸ்தர். “முதல்ல அபராதத்தைக் கட்டுங்க. அப்புறம் தலைவருக்கு ஆட்சேபம் எழுதிக் குடுங்க.”

கட்டினேன். எழுதியும் கொடுத்தேன். இனிப் போர்டை அழிக்கலாமே என்றேன்.

“அதெப்படிங்க? ஆட்சேபம் நிலுவையில இருக்கறப்போ போர்டைத் தொடக் கூடாதுங்க.”

வாயை மூடிக்கொண்டு கட்டியிருந்தால் அப்போதே அழித்திருப்பாராம். நியாயம் கேட்டவனுக்குத்தான் சிவப்பு மை.

தலைவர் கூப்பிட்டு விட்டது வெள்ளிக்கிழமை. நெற்றி நிறைய விபூதி, நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு, “நம்மூர்ல வெள்ளிக்கிழமை எவன் காசு குடுப்பான்? வாங்குன அபராதத்தைத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையை நீட்டினேன்.

மேசை டிராயரைப் பாதி திறந்த காரியஸ்தர் அப்படியே நின்றார்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்களே.”

தலைவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுநாள் இரண்டாம் சனி, ஆபீஸ் விடுமுறை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பணம் திரும்பி வந்து நான் கையெழுத்துப் போட்டால்தான் விவகாரம் முடிந்ததாகக் கணக்கு. முடிந்தால்தான் போர்டை அழிப்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

“அப்ப உங்களுக்கு மூணு நாள் தாமதமாகுது. எனக்குத் தாமதக் கட்டணம் உண்டுங்களா?” என்று கேட்டேன்.

ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றார் காரியஸ்தர், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி போர்டின் மேல் மாவிலைத் தோரணம் கட்டினாள். நியாயமான யோசனைதான். ஆனால் மாடிப்படிக்குக் கீழே எதற்குத் தோரணம் என்று பையனின் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாவிலையை விலக்கிப் படித்தார்.

“ஏனுங்க, இது உங்க ஊட்டு நம்பர்தானுங்களே?”

என் மனைவியின் முகம் செத்துவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று நான் வெள்ளிக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அவர் மாடி ஏறினார். கேசரி சாப்பிட்டார். பஜ்ஜி சாப்பிட்டார். அறைக் கதவுக்குப் பின்னால் என் பெண் நிற்பது தெரிந்தது. இந்த வீட்டையே அந்த மண்ணில் போட்டு உடைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்கூட்டுக்காரி வெள்ளிக்கிழமையானா பீரோச் சாவியவே ஒளிச்சு வெச்சுருவா. நம்பர் போர்டுல இருந்துட்டுப் போகுதுங்க, சம்பந்தி.”