மூன்று கூவல்

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பாறசாலைக்கு வந்து சிவபிரசாத்திடமே கேட்கலாம். அவன் எழுதித்தான் காட்டுவான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மீனவக் கிராமம். பேரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அங்கே ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாய் ஒரு மணல்திட்டு கிடக்கும். பொழி என்பார்கள். மழையில் ஆறு பெருகி வீடுகளுக்குள் ஏறினால், பொழியை வெட்டித் தண்ணீரைக் கடலில் விடுவார்கள். வெட்டுமுன் ஒருவர் கரையில் நின்று, "பொழி முறியப் போவுது... ஆளுண்டா?" என்று மூன்று தடவை கூவ வேண்டும். மணலிலிருந்து "ஆளுண்டு" என்று பதில் வந்தால் வெட்டக்கூடாது.

போன வருஷம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் பொழி வெட்டும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தவன் சிவபிரசாத். அவன் கூவவில்லை. இந்த மழையில் எந்தக் கிறுக்கன் அங்கே நிற்பான் என்று ஜேசிபியை இறக்கச் சொன்னான். தங்கப்பன் நின்றிருந்தான், வலையை எடுக்கப் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. விசாரணையில், "மூணு தடவை கூவினேன், பதில் இல்லை" என்று கூசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டான் சிவபிரசாத். எனக்கு நண்பன்தான். ஆனாலும் அந்தப் பொய்யை நான் மன்னிக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஜனவரியில் ஒரு ஞாயிறு. சிவபிரசாத்தின் பத்து வயது மகள் ஜிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பறவைகளின் பட்டியல் கேட்டிருந்தார்கள். பொழியில்தான் நிறையப் பறவை என்று ஒரே அழுகை. இனி யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று கிளம்பிவிட்டான்.

மாலை 5.25. கரையில் ஒரு டீக்கடை. உள்ளே தங்கப்பனின் மனைவி ரத்னபாய். சிவபிரசாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளைய இங்க விட்டுட்டு நீங்க மட்டும் போங்கோ," என்றாள் அவள்.

"ஏன்?"

"பிள்ளை ஒண்ணும் செய்யல்லல்லா."

அவன் காதில் விழாதவன் போல மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பொழியில் இறங்கினான்.

5.50. நீர்க்காகம், ஆலா, வெள்ளைக் கொக்கு... எழுதிக்கொண்டே வந்த ஜிஷா நின்றாள்.

"அப்பா, எல்லாம் நம்மளையே பாக்குது."

உண்மைதான். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றும் பறக்கவில்லை. ஒன்றும் கத்தவில்லை.

6.04. டுர்ர்ர்ர்... ஜேசிபி சத்தம். கரையில் வண்டியே இல்லை. பறவைகள் மொத்தமாய் எழும்பின.

6.10.

"பொழி முறியப் போவுது... ஆளுண்டா?"

கரையிலிருந்துதான் வந்தது. அங்கே யாரும் இல்லை. அவர்களுக்கும் கரைக்கும் நடுவே மணலில் ஒரு கீறல் விழுந்து, அதில் தண்ணீர் ஓடியது. முதலில் சாண் அகலம். பிறகு முழ அகலம்.

சிவபிரசாத் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"பொழி முறியப் போவுது... ஆளுண்டா?"

காலடியில் மணல் சரிந்தது. கத்தினான். சத்தம் இல்லை...

கழுத்தில் ஈரமான விரல்கள்.

பின்னாலிருந்து.

"பொழி முறியப் போவுது... ஆளுண்டா?"

"ஆளுண்டு!" ஜிஷா கத்தினாள்.

நின்றது.

எல்லாம் நின்றது.

மகளைத் தூக்கிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் ஓடிக் கரையேறினான். ரத்னபாய் பிள்ளையை வாங்கித் துண்டால் துவட்டினாள். அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று போன அவன் குரல் திரும்பவில்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று. தொண்டையில் ஒரு குறையும் இல்லையாம்.

போன வாரம்தான் ஜிஷா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மாமா, அன்னைக்குக் கரையிலேருந்து கூவினது அப்பாக்க சத்தமாக்கும்."

நம்பாமல் மறுநாளே அந்த டீக்கடைக்குப் போனேன். ரத்னபாய் கடிகாரத்தைக் காட்டினாள். 6.10.

ஆளில்லாத கரையிலிருந்து என் நண்பனின் குரல் மூன்று தடவை கூவியது. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். எனக்கு அடையாளம் தவறாது.

ஒவ்வொரு தடவையும், ஆளில்லாத பொழியிலிருந்து இன்னொரு குரல் பதில் சொன்னது.

"ஆளுண்டு..."

ரத்னபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு தெனமும் சொல்லுதாரு. பதில் இல்லேண்ணுதானே உங்க கூட்டுக்காரன் எழுதிக் குடுத்தாரு? நல்லா கேட்டுட்டுப் போங்கோ."